உயரம் குறைந்த இளம் டென்னிஸ் ஆட்டக்காரரின் அடியில் வேகம் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கங்களிலிருந்து மாலைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. 9 வயது முதல் 14 வயது வரையுள்ள, வயதுக்குச் சற்று உயரம் குறைந்த பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை என்று வைத்துச் சொல்லியிருப்பதால், இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கங்களை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

எங்கள் மகன் நன்றாகத்தான் ஆடுகிறான். ஆனால் அவன் அடிக்கும் பந்தில் வேகமே இல்லை. கையில் பலம் போதவில்லையா?

பெரும்பாலும் குறை கையில் இருப்பதில்லை. டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமிலிருந்து 59.4 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு இலகுவான பந்து, மட்டையின் நரம்பில் தங்கும் நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கைந்து பங்குதான். அந்தக் கணத்தில் மட்டையின் தலை எவ்வளவு விரைவாக வருகிறது, நரம்பின் நடுப்பகுதியில் பந்து படுகிறதா, உடம்பிலிருந்து எந்தத் தொலைவில் படுகிறது என்ற மூன்றும்தான் பந்தின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதற்கும் தடித்த புயம் தேவையில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையை ஆடுகளத்தின் பின்கோட்டருகே நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பந்து தரையில் ஒரு முறை குதித்து அவனுடைய இடுப்பு உயரத்துக்கு எழும்பும்படி அதைக் கையால் மெல்லப் போடுங்கள். அப்படிப் பத்துப் பந்து போட்டால், ஆட்டத்தில் சோர்வாக அடிக்கும் அதே பிள்ளை அவற்றில் ஆறேழு பந்துகளை எதிர்ப்புறப் பின்கோடு வரை விறுவிறுவென்று அடிப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அப்படியானால் வலு இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே பந்து வரும் இடத்துக்கு அவன் உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் பொருள். வலுக்குறைவு என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி, கால் தாமதமாகப் போவதே என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகளில் பலவும் அதைச் சுற்றியே அமைந்திருக்கும்.

கையால் போட்ட பந்தையும் அவனால் வேகமாக அடிக்க முடியவில்லை என்றால், அடிக்கும் முறையையும் மட்டையையும் பார்க்க வேண்டும்.

அடிக்கும் முறையில் வேகம் எங்கிருந்து பிறக்கிறது?

தரையிலிருந்து பிறக்கிறது. கால் தரையை அழுத்த, இடுப்பு திரும்புகிறது; இடுப்பு திரும்பிய பின் மார்பும் தோளும் திரும்புகின்றன; தோளுக்குப் பின் முழங்கை, அதன் பின் மணிக்கட்டு, கடைசியில் மட்டை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட விரைவாக நகர்வதால், கடைசியில் இருக்கும் மட்டைக்கு எல்லாவற்றின் வேகமும் சேர்ந்து கிடைக்கிறது. இந்த வரிசையில் ஏதேனும் ஒன்று விடுபட்டாலும், அல்லது எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தாலும், மீதியைக் கை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. சிறிய கையால் அது முடியாது. முடிந்தாலும் தோளும் முழங்கையும் அதற்கு விலை கொடுக்கும்.

சிறு பிள்ளைகளிடம் மிகுதியாக விடுபடுவது தோள் திருப்பம். பந்து வருவதைக் கண்டதும் மட்டையை மட்டும் பின்னால் கொண்டுபோவார்கள். மார்பு வலையைப் பார்த்தபடியே இருக்கும். இதற்கு எளிய மாற்று, ஃபோர்ஹேண்ட், அதாவது வலப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடிக்குத் தயாராகும்போது இடக்கை மட்டையின் கழுத்தை விடாமல் பிடித்தபடியே பக்கவாட்டுக்குப் போவதாகும். இடக்கை மட்டையோடு போனால் இடத்தோளும் உடன் போகத்தான் வேண்டும். தாடைக்குக் கீழே இடத்தோள் வந்துவிட்டால் திருப்பம் போதுமானது. பிறகு இடக்கை மட்டையை விட்டு, பந்தின் பக்கம் நீண்டு, அடிக்கும்போது மார்பின் அருகே மடங்கி வர வேண்டும். அது உயிரற்றுத் தொங்கினால் மார்பு அளவுக்கு மீறித் திரும்பி, அடியின் வேகம் பக்கவாட்டில் சிதறிவிடும்.

பந்து படும் இடம் உடம்புக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வோம். எவ்வளவு முன்னால் என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவது அவசியம். அடித்து முடித்த நிலையில் அவனை அப்படியே நிற்கச் சொல்லி, மட்டையைப் பந்து பட்ட இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். மட்டையின் முகம் அவனுடைய முன்காலின் விரல்களைத் தாண்டி இருக்கிறதா என்று அவனே குனிந்து பார்க்கட்டும். வாயால் நூறு முறை சொல்வதைவிட இது விரைவில் பதியும்.

எதிராளி உயர்த்தி அடிக்கும் பந்து என் மகளின் தலைக்கு மேல் எழும்புகிறது. அதை எப்படி அவள் வேகமாக அடிப்பது?

உயரம் குறைந்த பிள்ளைக்கு டென்னிஸில் உள்ள உண்மையான இடர் இதுதான். ஆகையால் இதற்கு விரிவாக விடை சொல்ல வேண்டும். தோளுக்கு மேலே உள்ள பந்தை அடிக்கும்போது கால், இடுப்பு ஆகியவற்றின் பங்கு குறைந்து, கை தனியாக வேலை செய்கிறது. 135 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்குத் தோள் ஏறத்தாழ 110 சென்டிமீட்டரில் இருக்கும். நன்றாகச் சுழற்றி அடித்த பந்து குதித்தபின் அந்த உயரத்தை எளிதில் கடந்துவிடும். அதே பந்து 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு மார்பளவில் வசதியாக வந்து நிற்கும். இருவருக்கும் பந்து ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

அவளுக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, பின்னால் போய், பந்து உச்சத்தைத் தொட்டு இறங்கி இடுப்பளவுக்கு வரும்போது அடிப்பது. இது பாதுகாப்பானது, ஆனால் பின்கோட்டுக்கு மூன்று மீட்டர் பின்னாலிருந்து அடிக்கும் பந்து எதிர்ப்புறம் ஆழமாகப் போக வலையைக் கணிசமான உயரத்தில் தாண்ட வேண்டும், அதற்குள் எதிராளிக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். நம் ஊர்களில் உள்ள பல ஆடுகளங்களில் பின்கோட்டுக்கும் வேலிக்கும் இடையே அவ்வளவு இடமும் இருப்பதில்லை.

இரண்டாம் வழி, முன்னால் வந்து, பந்து குதித்து ஏறும்போதே, இடுப்புக்கும் மார்புக்கும் இடையில் அதைச் சந்திப்பது. இதைத்தான் நான் எல்லாச் சிறு பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கிறேன். ஏறும் பந்தில் எதிராளி கொடுத்த வேகம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்ப நீண்ட வீச்சு தேவையில்லை. மட்டையைப் பின்னால் கொண்டுபோவதைக் குறைத்து, முன்னோக்கிப் போவதை முழுமையாக்கினால் போதும். எதிராளிக்கு நேரமும் குறைகிறது. பார்ப்பவர்களுக்கு அது ‘வேகம்’ என்று தோன்றுவதில் பாதி, அவள் பந்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டதால் வருவது.

இதற்குக் கண்ணும் காலும் பழக வேண்டும். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரு கால்களாலும் ஒரு சிறு துள்ளல் துள்ளி இறங்குவதை ஸ்பிளிட் ஸ்டெப் என்கிறோம். அது இல்லாத பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் அரை அடி பிந்துவாள். பயிற்சிக்கு, பின்கோட்டுக்கு ஓரடி முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குப் பின்னால் போகாமல் இருபது பந்து திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். முதலில் பாதி வலையில் விழும். பந்து போடுபவர் மெதுவாகத் தொடங்கி, சில வாரங்களில் சிறிது சிறிதாக ஆழத்தையும் உயரத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

மூன்றாம் வழி, உயர்த்தி அடித்த பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே முன்னேறி வந்து, அந்தரத்திலேயே அடிப்பது. 12 வயதுக்கு மேல், மற்ற இரண்டும் பழகிய பிறகு இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

உயரமான பந்துக்காக மட்டையின் பிடியை மாற்றலாமா?

தோளுயரப் பந்தை ஓயாமல் சந்திக்கும் பிள்ளைகளின் கை, யாரும் சொல்லாமலே மட்டையின் அடிப்பக்கம் நோக்கி நகர்ந்து, வெஸ்டர்ன் பிடிக்குப் போய்விடும். அப்பிடியில் உயரமான பந்தைச் சுழற்றி அடிப்பது எளிது. தாழ்ந்த பந்தும், சறுக்கி வரும் ஸ்லைஸ் பந்தும் கடினம். 15 வயதில் உயரம் கூடியபின் அந்தப் பிடியை மாற்றுவது பெரும் பாடு. கை அவ்வளவு அடிப்பக்கம் போகாத செமி-வெஸ்டர்ன் பிடியில் நிறுத்துவதே நல்லது. அதில் சுழற்சியும் கிடைக்கும், நேரான அடியும் கிடைக்கும்.

பேக்ஹேண்டை, அதாவது இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடியைப் பொறுத்தவரை, இந்த வயதில் இரு கைகளால் அடிப்பதே பொருந்தும். 167 சென்டிமீட்டர் உயரமே உள்ள பெல்ஜியத்தின் ஜஸ்டின் ஹெனின் ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்குப் பேர்போனவர்தான். ஆனால் தோளுக்கு மேலே எழும் பந்தை ஒற்றைக் கையால் அடிக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு வலு போதாது. இரு கை அடியில் இடக்கைதான் முதன்மையாக உழைக்க வேண்டும். வலக்கையை எடுத்துவிட்டு, இடக்கையால் மட்டும் மட்டையைச் சற்று மேலே பிடித்துச் சில பந்துகளை அடிக்கச் செய்தால் அந்த உணர்வு வரும்.

சர்வீஸ் மிகவும் மெதுவாக இருக்கிறது. வேகமாகப் போட்டால் வெளியே போகிறது. என்ன செய்வது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பின்கோட்டிலிருந்து வலை 11.885 மீட்டர். வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர். வலையிலிருந்து சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். பந்து நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டால், வலையை உரசித் தாண்டி சர்வீஸ் கோட்டுக்குள் விழ, அதை ஏறத்தாழ 2.6 மீட்டர் உயரத்தில் அடிக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை கையையும் மட்டையையும் முழுக்க நீட்டினாலும் பந்தை 2.1 மீட்டர் அளவில்தான் எட்டுவான். ஆகவே அவனால் நேராக, கீழ்நோக்கி அடித்து உள்ளே போட முடியாது. பந்தை வலைக்கு மேலே உயர்த்தி அனுப்பி, புவியீர்ப்பும் பந்தின் சுழற்சியும் அதைக் கீழே இறக்கும்படி செய்ய வேண்டும். ‘கீழே குத்து, வேகமாகக் குத்து’ என்று வேலிக்கு வெளியே நின்று பிள்ளையை ஊக்கப்படுத்தும் பெற்றோர், அவன் உடம்பால் செய்ய முடியாத ஒன்றைக் கேட்கிறார்கள்.

எனவே சிறு பிள்ளைக்குச் சர்வீஸில் வேகத்துக்கான வழி, சுழற்சி வழியாகவே போகிறது. பந்து முன்னோக்கிச் சுழன்றால் காற்று அதைக் கீழே தள்ளும். சுழற்சி கூடக் கூட, அதே பந்தை இன்னும் வேகமாக அடித்தாலும் உள்ளே விழும். இதற்கு முதல் தேவை காண்டினென்டல் பிடி, அதாவது மட்டையின் விளிம்பு தரையை நோக்கி நிற்கும்படி பிடிக்கும் பிடி. உள்ளங்கை மட்டையின் பின்புறம் நேராகப் படியும் பிடியில் பந்தைத் தள்ளத்தான் முடியும். மணிக்கட்டும் முன்கையும் சுழல இடமில்லை. பிடியை மாற்றிய முதல் சில வாரங்கள் பந்து இடப்பக்கம் பறந்துபோகும். அதைக் கண்டு பழைய பிடிக்குத் திரும்பிவிடக் கூடாது.

அடுத்தது, எறியும் பழக்கம். சர்வீஸின் கை அசைவும் பந்தெறியும் அசைவும் ஏறத்தாழ ஒன்றே. கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் சர்வீஸை விரைவில் கற்றுக்கொள்வது இதனால்தான். பெண் பிள்ளைகளை நாம் அதிகம் எறிய விடாததால் அவர்களுக்குத் தாமதமாகிறது என்றும் நினைக்கிறேன். நாளும் பயிற்சிக்கு முன் பழைய டென்னிஸ் பந்துகளைப் பின்கோட்டிலிருந்து எதிர்ப்புற வேலியை நோக்கி, மேல்நோக்கி, இருபது முறை எறியட்டும். முழங்கால் மடங்கி நிமிர்வது, தோள் திரும்புவது, பின்கால் முன்னால் வருவது என எல்லாம் எறிதலிலேயே வந்து சேரும்.

பந்தை மேலே போடுவது தாழ்ந்திருந்தால் மேற்சொன்ன எதுவும் பயன்படாது. கை முழுக்க நீண்ட நிலையில் மட்டை எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே வரை பந்து போக வேண்டும். ஆடி மாதத்துக் காற்றில் இது கடினம்தான். காற்றடிக்கும் நாளில் சிறிது தாழ்த்திப் போடலாம், மற்ற நாள்களில் கூடாது.

கிக் சர்வீஸுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். முதுகை வளைத்து அடிக்கும் அந்த அடியை வளரும் வயதில் மிகுதியாகப் பயின்றால் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு ஏற்படக்கூடும். அந்த வயது தாண்டும் வரை பந்தின் பக்கவாட்டைச் சீவி அடிக்கும் ஸ்லைஸ் சர்வீஸே போதும்.

கனமான மட்டை வாங்கிக் கொடுத்தால் வேகம் கூடாதா?

கூடாது. பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பது போல, ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரியவர்களின் 27 அங்குல மட்டையை 10 வயதுப் பிள்ளையிடம் கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அடியின் வேகத்தை இதைவிடக் கெடுப்பது வேறில்லை. மட்டை கனமானால் அதன் தலை மெதுவாக வரும், பந்து படும் இடம் பின்னால் போகும், பிள்ளை மணிக்கட்டை மடக்கி ஈடுசெய்யக் கற்றுக்கொள்வான். உயரம் 125 முதல் 140 சென்டிமீட்டர் வரை 25 அங்குலம், அதற்கு மேல் 150 வரை 26 அங்குலம் என்பது பொதுவான அளவு. பிறகு 27 அங்குலத்துக்கு மாறும்போதும் 260 கிராம் அளவுள்ள இலகு மட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

கடையில் ஒரு சிறு சோதனை செய்யலாம். பிள்ளை மட்டையைப் பிடியின் கடைசியில் பிடித்து, கையைத் தோளுயரத்தில் முன்னால் நீட்டி, அரை நிமிடம் வைத்திருக்கட்டும். நுனி நடுங்கி இறங்கினால் அந்த மட்டை அவனுக்கு ஆகாது.

நரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் பாலியெஸ்டர் நரம்பு போடுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அது விறைப்பானது, மிக விரைவாக வீசுபவர்களுக்கே பயன்படும், சிறு கைக்கு முழங்கை வலிதான் மிச்சம். மென்மையான செயற்கை நரம்போ, பல மெல்லிய இழைகளால் ஆன மல்டிஃபிலமென்ட் நரம்போ போட்டு, மட்டையில் அச்சிட்டிருக்கும் இழுவிசை வரம்பின் கீழ்ப்பாதியில் கட்டச் சொல்லுங்கள். நரம்பு சற்றுத் தளர்வாக இருந்தால் பந்து அதே வீச்சுக்குக் கூடுதல் ஆழம் போகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் மட்டையை விட்டுவைத்தால் நரம்பின் இழுவிசை போய்விடும்.

பச்சைப் புள்ளிப் பந்தில் ஆடினால் பிள்ளை பின்தங்கிவிட மாட்டாளா?

மாட்டாள். பிள்ளைகளுக்கென்றே செய்யப்படும் பச்சைப் புள்ளியிட்ட பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மெதுவானது, ஆரஞ்சுப் பந்து 50 விழுக்காடு மெதுவானது. இரண்டும் தாழ்வாகவே குதிக்கும். 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதியே இருக்கிறது. பந்து இடுப்பளவில் வந்தால்தான் பிள்ளை முழு வீச்சோடு அடிக்கத் துணிவாள். 11 வயதிலும் உயரம் குறைவாக இருந்தால், வாரத்தில் ஒரு நாளாவது பச்சைப் பந்தில் முழு வேகத்தில் அடிக்கச் செய்வதை நான் விரும்புகிறேன்.

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்க்கலாமா? வீட்டில் என்ன செய்யலாம்?

எடை தூக்கினால் உயரம் வளராது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. முறை தெரிந்தவர் பார்வையில் செய்யும் பயிற்சி பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் பருவமடைவதற்கு முன் தசை அதிகம் பருப்பதில்லை. நரம்பு மண்டலம் தசையை ஒழுங்காக ஏவக் கற்றுக்கொள்வதால்தான் பெரும்பாலும் வலு கூடுகிறது. ஆகவே கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை. தன் உடல் எடையைக் கொண்டே தோப்புக்கரணம், ஒற்றைக் கால் தோப்புக்கரணம், தண்டால், பக்கவாட்டுத் துள்ளல், கயிறு தாண்டுதல் ஆகியவற்றைச் செய்தால் போதும்.

வேகத்துக்கு நேரடியாக உதவுவது மெடிசின் பால் என்னும் கனமான பயிற்சிப் பந்து. ஒரு கிலோ எடையுள்ள பந்து போதும். பெரிய பிள்ளைக்கு இரண்டு கிலோ. பக்கவாட்டாகத் திரும்பி நின்று, இரு கைகளாலும் இடுப்பருகே பிடித்து, பின்கால் தரையை அழுத்த, இடுப்பு முன்னே திரும்ப, பந்தைச் சுவரில் எறிய வேண்டும். பக்கத்துக்கு எட்டு முறை, இரண்டு சுற்று. கை மட்டும் எறிந்தால் பந்து தளர்ந்து விழும், இடுப்பு எறிந்தால் சுவரில் அறையும். பிள்ளைக்கே வேறுபாடு கேட்டுவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் வளவு, பட்டாலை என்னும் நீண்ட கூடங்கள் நிழல் வீச்சுக்கு, அதாவது பந்தில்லாமல் மட்டையை வீசிப் பழகுவதற்கு, அருமையான இடங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பானது; காலுறையோடு ஆடினால் வழுக்கும்; வெறுங்காலோடோ ரப்பர் காலணியோடோ ஆட வேண்டும். முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய பழஞ்சுவரில் பந்தை அடிக்க விட்டால் அப்பத்தாக்கள் பொறுக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வது நியாயமும்கூட. பின்கட்டில் சிமென்ட் பூசிய சுவர் எதையாவது பாருங்கள். சுவரில் அடிக்கும்போது நெருங்கி நிற்காமல், பந்து இரண்டு முறை குதித்து வரும் தொலைவில் நின்று முழு வீச்சாக அடிப்பதே வேகத்துக்கு ஏற்ற பயிற்சி.

மண் தரை நல்லதா, சிமென்ட் தரை நல்லதா?

மண் தரையில் பந்து மெதுவாகவும் உயர்ந்தும் வரும். கால் வேலை கற்க ஏற்றது, மூட்டுக்கும் இதமானது. சிமென்ட் தரையில் பந்து விரைவாக வருவதால் முன்கூட்டியே எடுத்து அடிக்கும் பழக்கம் வரும். இரண்டும் கிடைத்தால் இரண்டிலும் ஆடட்டும். சிமென்ட் தரையில் மட்டும் ஆடுபவருக்கு நல்ல காலணி கட்டாயம்.

உணவில் என்ன சேர்க்க வேண்டும்?

கடையில் விற்கும் புரதப் பொடிகள் எதுவும் தேவையில்லை. முட்டை, பால், தயிர், பருப்பு, சுண்டல், நாட்டுக்கோழி, மீன், கேழ்வரகு என்று நம் அடுக்களையில் புழங்குவதே போதும். அளவு போதுமா என்பதுதான் கேள்வி. மாலை இரண்டு மணி நேரம் ஓடி ஆடும் பிள்ளை, பள்ளி விட்டதும் ஒன்றும் உண்ணாமல் களத்துக்கு வந்தால் கால் ஓடாது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ உண்ண வேண்டும். ஏப்ரல், மே மாத வெயிலில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுவரட்டும். உறக்கம் ஒன்பது மணி நேரம். விடியற்காலைப் பயிற்சிக்காக இரவு உறக்கத்தைக் குறைப்பதை நான் ஏற்பதில்லை.

அவனைவிட ஒரு தலை உயரமானவர்களிடம் தொடர்ந்து தோற்கிறான். வளரும் வரை உயர்த்தி அடித்தே சமாளிக்கட்டுமா?

பெண் பிள்ளைகள் ஏறத்தாழ 12 வயதிலும், ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் மிக விரைவாக உயர்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது இரண்டாண்டு முன்னும் பின்னும் போகும். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் 12 வயதுக்குட்பட்டோர், 14 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ, பல்லவன் ரயிலேறிச் சென்னைக்கோ போகும் நம் பிள்ளை, முன்னதாகவே வளர்ந்துவிட்ட ஒருவரிடம் தோற்பது, அவனுடைய ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

உயர்த்தி அடித்துப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்தால் 12 வயதுப் பிரிவில் கோப்பைகள் கிடைக்கும் என்பது உண்மை. அதையே ஆட்டமாக வைத்துக்கொண்ட பிள்ளை, மற்றவர்கள் வேகமாக அடிக்கத் தொடங்கும் 15 வயதில் திணறுவான் என்பதும் உண்மை. அந்த அடி அவனுக்குத் தெரிந்திருக்கட்டும், நெருக்கடியில் பயன்படுத்தட்டும். ஆனால் அடிக்கக்கூடிய உயரத்தில் வந்த பந்தை முழு வீச்சோடு அடித்து வெளியே போட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ளக் கூடாது. வேகமாக அடிப்பவனுக்குக் கட்டுப்பாட்டைப் பிறகு சொல்லிக்கொடுப்பது, தள்ளியே பழகியவனுக்கு வேகத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட எளிது.

உயரம் குறைந்தவர்கள் பெரிய அளவில் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் 170 சென்டிமீட்டர். 2020ஆம் ஆண்டு ரோமில் ரஃபேல் நடாலை வென்று, பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதி ஆடி, உலகத் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனார். இத்தாலியின் ஜாஸ்மின் பவோலினி 163 சென்டிமீட்டர். 2024இல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் இறுதிப் போட்டிக்கு வந்தார். பவோலினியின் ஃபோர்ஹேண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பல பந்துகளுக்கு அவருடைய இரு கால்களும் தரையை விட்டு எழும்புவதைப் பார்க்கலாம். நம் தமிழ்நாட்டின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி ஆடியதும், அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1986இல் அங்கே காலிறுதி ஆடியதும் முரட்டு வேகத்தால் அல்ல. பந்தைச் சந்திக்கும் நேரமும் அதை வைக்கும் இடமும் பிசகாததால்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி? வலி வந்தால்?

பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு. 11 வயதென்றால் 11 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது மட்டையைத் தொடாமல் இருக்கட்டும்; கபடியோ பூப்பந்தோ ஆடட்டும்.

விரைவாக உயரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பிலும், குதிகாலிலும் வலி வருவது வழக்கம். எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் வருவது அது. துள்ளலையும் ஓட்டத்தையும் குறைத்தால் பெரும்பாலும் தணியும். ஆனால் தோள், முழங்கை, கீழ்முதுகு ஆகியவற்றில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி, நொண்ட வைக்கும் வலி ஆகியவற்றுக்கு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைலம் தேய்த்துப் போட்டிக்கு அனுப்பக் கூடாது.

வேகம் கூடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேகமானி தேவையில்லை. பிள்ளை அடித்த பந்து எதிர்ப்புறம் இரண்டாம் முறை எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். முதல் குதிப்பு ஆழமாக விழுந்தாலும், வேகமில்லாத பந்தின் இரண்டாம் குதிப்பு பின்கோட்டை ஒட்டியே விழும். வேகமும் சுழற்சியும் உள்ள பந்து பின்கோட்டைத் தாண்டி வேலி நோக்கிப் போய் விழும். கையால் போட்ட பத்துப் பந்தை அவன் அடிக்க, எதிர்ப்புறம் நிற்கும் நீங்கள் ஒவ்வொன்றின் இரண்டாம் குதிப்பையும் கவனித்து, நடுவாக அமையும் இடத்துக்கு நேரே பக்கவாட்டு வேலிக்கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை, அதே களத்தில், அதே அளவு பழசான பந்துகளால், காற்றில்லாத காலை நேரத்தில் இதைச் செய்யுங்கள். சர்வீஸுக்கு, பழைய பந்தை எவ்வளவு தூரம் எறிகிறான் என்பதைக் காலடியால் அளந்து ஏட்டில் குறித்து வைத்தால் போதும். இரண்டு மாதமாகத் துணி நகரவில்லை என்றால், கைக்குப் பலம் தேடிப் போகாமல், முதல் கேள்விக்குச் சொன்ன சோதனையை மறுபடி செய்து, குறை காலில் இருக்கிறதா, தோள் திருப்பத்தில் இருக்கிறதா, மட்டையில் இருக்கிறதா என்று பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள்.